கூலிச் சிப்பாயும் அல்ல, வெறுங்கனவுக்காரரும் அல்ல

சென்னை தினத்தையொட்டி ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் ஆர்மேனியர்களைப் பற்றிக் கட்டுரைகள் வருகின்றன. எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே கதை. பட்டும் ரத்தினமும் விற்க வந்தார்கள், நன்றாகச் சம்பாதித்தார்கள், சைதாப்பேட்டையில் ஆற்றுக்குப் பாலமும் பரங்கிமலைக்குப் படிகளும் கட்டினார்கள், அரண்மனைக்காரன் தெருவில் ஒரு தேவாலயத்தை விட்டுவிட்டு மறைந்துபோனார்கள். செல்வந்தர்கள், தருமவான்கள், அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்பதுபோல அந்தக் கதை முடிந்துவிடும்.

அந்தச் சமூகத்தில் ஆயுதம் ஏந்தியவர்களும் இருந்தார்களே என்று கேட்டால், அதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. நாடில்லாதவன் காசுக்குத் துப்பாக்கி எடுத்தால் அவன் கூலிப்படை. காசு வாங்காமல் எடுத்தால் பிழைக்கத் தெரியாத கனவுக்காரன். ஜோசப் எமின் என்ற ஆர்மேனியப் படைவீரரின் வாழ்க்கையை இந்த இரண்டு பட்டங்களுக்குள் அடைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

இரண்டும் தவறு. ஒரு மனிதருக்கு இழைத்த அநீதி என்பதோடு போகவில்லை. சென்னை மண்ணில் நடந்த ஒரு பெரிய காரியத்தையே இந்தப் பார்வை கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

ஜவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசலிலிருந்து இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூர் போகும் பாதையில் இருக்கிறது இந்த ஊர். இந்த வட்டாரத்தில் பட்டாளம் என்பது பாடப்புத்தகத்துச் சங்கதி அல்ல. வடக்கே கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர். தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. காட்பாடியில் ரயிலைவிட்டு இறங்கி, பெயரும் நம்பரும் வெள்ளை பெயின்ட்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றி, லீவுக்கு வரும் மிலிட்டரிக்காரரை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஊரைவிட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் காவல் நிற்பவருக்கு என்னென்ன வேண்டும் என்பதும் தெரியும். திரும்பி வர ஓர் ஊர் வேண்டும். மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் போக வேண்டும். களத்தில் இறந்தால் கொடி போர்த்திக் கொண்டுவந்து சேர்க்க ஓர் அரசு வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் ஒருவர் சிப்பாயாக வாழ்ந்தார் என்றால், அந்த வாழ்க்கை எவ்வளவு கனமானது என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நாடிழந்தவர்களும் இந்தப் பகுதிக்குப் புதியவர்கள் அல்லர். 1799க்குப் பிறகு திப்பு சுல்தானின் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில்தான் வைத்தார்கள். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் 1816 முதல் 1832இல் கண்மூடும்வரை அங்கேதான் இருந்தார். இன்றைக்கும் திருவண்ணாமலை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. பிறந்த மண்ணுக்குத் திரும்பும் ஆசையை இந்த மண் பலமுறை பார்த்திருக்கிறது. அந்த ஆசையைப் பைத்தியம் என்று இங்கே யாரும் சொல்வதில்லை.

கூலிப்படை என்ற குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம்.

1751ஆம் ஆண்டு. சந்தவாசலுக்குக் கிழக்கே ஆரணியில் டிசம்பர் 3ஆம் தேதி ஒரு சண்டை நடந்தது. ஒருபக்கம் ராபர்ட் கிளைவும் முராரி ராவின் மராத்தாக் குதிரைப்படையும். மறுபக்கம் ராசா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும். கிளைவ் வென்றார். தோற்ற படையின் சிப்பாய்களில் பல நூறு பேர் கையிலிருந்த ஆயுதத்தோடு வந்து, நேற்றுவரை எதிரியாக இருந்த கிளைவின் படையில் சேர்ந்துகொண்டார்கள். கர்நாடகப் போர்களில் இது சர்வசாதாரணம். சம்பளம் தருகிறவர் பக்கம் துப்பாக்கி திரும்பும். அந்தச் சிப்பாய்களைக் குறைசொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கும் வயிறு இருந்தது, ஊரில் குடும்பம் இருந்தது. ஆனால் கூலிப்படை என்றால் என்ன என்பதற்கு அளவுகோல் வேண்டுமென்றால் இதுதான் அளவுகோல்.

அதே 1751இல் கல்கத்தாவில் இருபத்தைந்து வயது ஆர்மேனிய இளைஞர் ஒருவர், தகப்பனாருக்குத் தெரியாமல், வால்போல் என்ற ஆங்கிலக் கப்பலில் ஏறினார். பயணக் கட்டணத்துக்குப் பணம் இல்லை. கப்பலில் உடலுழைப்புச் செய்துகொண்டே லண்டன் போய்ச் சேர்ந்தார். அவர்தான் ஜோசப் எமின். 1726இல் பாரசீகத்தின் ஹமதானில் பிறந்தவர். துருக்கிய, பாரசீகப் படைகள் மாறி மாறி மிதித்துச் சென்ற ஊர் அது. 1744இல் கல்கத்தாவில் வியாபாரம் செய்துவந்த தகப்பனாரிடம் வந்து சேர்ந்தார். வியாபாரத்தில் உட்கார்ந்திருந்தால் வாழ்க்கை நன்றாகவே நடந்திருக்கும். ஆனால் கல்கத்தாவில் அவர் கண்ணில் பட்டவை வேறு: ஆங்கிலேயர்களின் கோட்டை, கப்பல்கள், ஒரே தாளத்தில் திரும்பும் சிப்பாய் வரிசை. கையளவு ஆட்கள் இவ்வளவு பெரிய தேசத்தில் அதிகாரம் செலுத்துகிறார்கள். தன் ஜனங்களோ எண்ணிக்கையில் அதிகம் இருந்தும் சொந்த ஊரிலேயே அடிமைகளாக இருக்கிறார்கள். வித்தியாசம் ரத்தத்தில் இல்லை, கற்ற வித்தையில் இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. அந்த வித்தையைக் கற்கத்தான் கப்பல் ஏறினார்.

லண்டனில் அவர் பட்ட பாட்டை அவரே எழுதிவைத்திருக்கிறார். கொத்தனாருக்குச் சித்தாளாகச் செங்கல் சுமந்தார். கூலிக்கு மூட்டை தூக்கினார். பட்டினி கிடந்தார். கல்கத்தாவில் தகப்பன் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லாத பிள்ளை, ஒரு மாநகரத்தின் கட்டடச் சாரத்தில் செங்கல் கூடையோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்ததை நினைத்துப் பாருங்கள். கூலிப்படையில் சேர்வதற்கு யாரும் அந்தச் சாரத்தில் ஏற வேண்டியதில்லை. வங்காளத்திலேயே சுற்றிலும் நவாப்களும் கம்பெனிகளும் ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

பிறகு பூங்காவில் ஒருநாள் அயர்லாந்து இளைஞர் ஒருவரோடு பேச்சு ஏற்பட்டது. தானும் தகப்பனார் பேச்சைக் கேட்காமல் ஓடிவந்தவன்தான் என்று அவர் தன்னை அறிமுகம் செய்துகொண்டதாக எமின் எழுதுகிறார். அவர்தான் எட்மண்ட் பர்க். பின்னாளில் வாரன் ஹேஸ்டிங்ஸைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் நிறுத்தி விசாரிக்க வைத்த அதே பர்க். அப்போது அவரும் பெயரில்லாத எழுத்தாளர். தன் கையெழுத்துப் பிரதிகளைப் படியெடுக்கும் வேலையை எமினுக்குக் கொடுத்தார். ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல, நார்தம்பர்லேண்ட் பிரபு வழியாகக் கம்பர்லேண்ட் கோமகனிடம் அறிமுகம் கிடைத்தது. வுல்விச் ராணுவப் பள்ளியில் பயிற்சி. 1757இல் ஜெர்மனியில் போர்க்களம், அடுத்த ஆண்டு பிரெஞ்சுக் கரையோரத் தாக்குதல். ஏழாண்டுப் போர் மும்முரமாக நடந்த நேரம். அனுபவமுள்ள வீரருக்கு எந்தப் படையிலும் இடம் இருந்தது. கோமகன்களின் ஆதரவும் இருந்தது. சம்பளம்தான் குறிக்கோள் என்றால் எமின் அங்கேயே தங்கி ஒரு பதவியோடு நிம்மதியாக முதுமை கண்டிருக்கலாம்.

அவர் தங்கவில்லை. 1759இல் மத்தியதரைக் கடலைக் கடந்து அலெப்போ வழியாக ஆர்மேனிய மலைநாட்டுக்குள் போனார். ஆர்மேனியத் திருச்சபையின் தலைமைப்பீடமான எச்மியாட்சினைப் பார்த்தார். வழியிலிருந்த கிராமங்களில் சொந்தக் கண்ணால் பார்த்ததுதான் அவரை உலுக்கியது. ஆயுதம் இல்லாத மனிதர்கள். அடிமைத்தனம் தெய்வச் சித்தம் என்று நம்பும் பெரியவர்கள். அந்த நம்பிக்கையைத் தட்டிக்கொடுக்கும் பாதிரிமார். ஆங்கிலேயரின் போர்முறையைக் கற்றால் போதும் என்று நினைத்து வந்தவருக்கு, துப்பாக்கிக்கு முன்னால் உடைக்க வேண்டிய பூட்டு வேறு என்று தெரிந்தது. லண்டன் திரும்பினார். 1761இல் ரஷ்யா போனார். பீட்டர்ஸ்பர்க்கில் சான்சலர் வொரொன்ட்சோவைச் சந்தித்து, ஜார்ஜியா அரசர் இரக்லிக்கு அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு 1763இல் திப்ளிஸ் நகரை அடைந்தார். யாரும் அவரைச் சம்பளத்துக்கு அழைக்கவில்லை. அவர்தான் ஒவ்வொரு வாசலாகப் போய், என் ஜனங்களுக்குப் படைப்பயிற்சி கொடுக்க இடம் தாருங்கள் என்று கேட்டார். கூலிப்படைக்காரர் வாழ்க்கை இந்தத் திசையில் ஓடாது.

இனி, ஆர்மேனியர்கள் என்றால் வியாபாரிகள் மட்டுமே என்ற கதை.

அவர்கள் வணிகர்களாக இருந்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஏன் வணிகர்களானார்கள்? 1604, 1605இல் பாரசீகத்தின் ஷா அப்பாஸ், அராஸ் ஆற்றங்கரையிலிருந்த ஜுல்பா நகரத்தின் ஆர்மேனியர்களை வேரோடு பெயர்த்து இஸ்பஹானுக்கு அருகில் புதிய ஜுல்பாவில் குடியேற்றினார். அந்தப் புதிய ஜுல்பாவின் பிள்ளைகள்தான் பின்னாளில் சூரத், கல்கத்தா, சென்னை, மணிலா என்று பரவினார்கள். நிலம் பறிபோனவனிடம் மிஞ்சுவது கையில் எடுத்துப் போகக்கூடிய சரக்கும் எழுத்தும் கணக்கும்தான். அவர்களது வணிகத் திறமையை மெச்சுகிற கட்டுரைகள் அந்தத் திறமை எந்தத் துரத்தலில் பிறந்தது என்பதை ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை.

சைதாப்பேட்டை மர்மலாங் பாலத்தை 1726இல் சொந்தப் பணத்தில் கட்டிய கோஜா பெட்ரஸ் உஸ்கானையே எடுத்துக்கொள்ளுங்கள். எமின் பிறந்த அதே ஆண்டு. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது உஸ்கானின் சொத்துகள் பறிபோயின. புதுச்சேரிக்கு வந்து குடியேறு, எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். அவர் போகவில்லை. லாபக் கணக்கு மட்டும் தெரிந்தவர் எடுக்கும் முடிவா அது? 1751இல் அவர் இறந்தார். வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டார். பாலத்தை நினைவில் வைத்திருக்கிறோம், அந்த மறுப்பை மறந்துவிட்டோம்.

ஆயுதம் ஏந்தியவர்களில் எமின் தனி ஆளும் அல்லர். வங்காளத்தில் நவாப் மீர் காசிமின் படைத்தலைவராக இருந்தவர் கோஜா கிரிகோரி என்ற ஆர்மேனியர். குர்கின் கான் என்று அழைக்கப்பட்டவர். முங்கேரில் அவர் அமைத்த பட்டறையில் பீரங்கி வார்த்தார்கள், துப்பாக்கி செய்தார்கள். அந்தத் துப்பாக்கிகள் கம்பெனியின் துப்பாக்கிகளைவிட மேலானவை என்று ஆங்கிலேயர்களே ஒப்புக்கொண்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து நிற்கத்தக்க, ஐரோப்பிய முறையில் பழக்கிய ஒரு படையை வங்காளத்தில் உருவாக்கியவர் அவர். அப்படிப்பட்டவரைப் பற்றி அக்கால வரலாற்றாசிரியர் குலாம் உசேன் என்ன எழுதினார் தெரியுமா? கஜக்கோலால் துணி அளந்து விற்றவன் என்று இளக்காரமாக எழுதினார். துணிக்கடைக்காரனுக்குப் படை எதற்கு என்ற அந்த ஏளனம்தான் இன்றைய கட்டுரைகளில் வணிகச் சமூகம் என்ற மரியாதையான சொல்லாகத் தொடர்கிறது. 1763 ஆகஸ்ட்டில் கிரிகோரி கொல்லப்பட்டார். அவருடைய சகோதரர் கோஜா பெட்ரஸ் கல்கத்தாவில் ஆங்கிலேயரோடு நெருக்கமாக இருந்ததால், இவரும் உள்ளுக்குள் ஆங்கிலேயர் ஆள்தானோ என்ற சந்தேகம் நவாபின் மனத்தில் விழுந்துவிட்டது. அந்நிய மண்ணில் படைநடத்துகிறவருக்கு வெற்றி வந்தாலும் சந்தேகம், தோல்வி வந்தாலும் சந்தேகம். அதே ஆண்டில்தான் எமின் திப்ளிஸில் இரக்லியின் வாசலில் நின்றார்.

இப்போது சென்னைக்கு வருவோம். இந்த மறுப்பின் நடுநாயகம் சென்னைதான்.

காக்கசஸில் வழியடைந்துபோன எமின் 1770இல் கல்கத்தா திரும்பினார்; அங்கே கம்பெனிப் படையில் சேர்ந்தார். பிறகு சென்னைக்கு வந்தார். வந்தது சும்மா அல்ல. சென்னையில் அப்போது ஆர்மேனிய வணிகர்கள் சிலர் ஒரு வட்டமாக இயங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் முதன்மையானவர் ஷாஹமீர் ஷாஹமீரியன். புதிய ஜுல்பாவில் பிறந்து, சென்னையில் வியாபாரம் செய்து பெரும்பணம் ஈட்டியவர். அந்தப் பணத்தில் 1772 வாக்கில் சென்னையில் ஆர்மேனிய அச்சகம் வைத்தார். தொடக்கத்திலேயே அந்த அச்சகத்திலிருந்து வந்த ஒரு நூல், ஆர்மேனிய இளைஞர்களைச் சோம்பலிலிருந்து எழும்பி விடுதலைக்குத் தயாராகச் சொல்லும் அறைகூவல். அதை எழுதியவர் மோவ்செஸ் பக்ராமியன்; எமினோடு காக்கசஸில் அலைந்து திரிந்தவர், பின் சென்னை வந்து ஷாஹமீரியனோடு சேர்ந்தவர். படைவீரரின் அலைச்சலும் வணிகரின் பணமும் ஒரே அச்சகத்தில் சந்தித்த இடம் சென்னை. இவர்கள் வியாபாரிகள், அவர் வீரர் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லும் கதை அங்கே உடைந்துவிடுகிறது.

எச்மியாட்சினில் இருந்த தலைமைக் குரு சிமியோன் அந்த நூலைப் படித்துக் கொதித்தார். நூலை அழிக்க வேண்டும், அச்சகத்தை மூட வேண்டும் என்று உத்தரவு போட்டார். பாரசீகமும் துருக்கியும் இருபுறமும் கத்தி பிடித்து நிற்கும்போது, தூரத்துச் சென்னையில் பாதுகாப்பாக இருந்துகொண்டு நெருப்பு மூட்டுகிறார்கள் என்பது அவர் தரப்பு நியாயம். அதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பழி வாங்கப்பட்டிருந்தால் செத்திருப்பவர்கள் ஆர்மேனியக் கிராமத்தார்கள்தான். ஆனாலும் சிமியோன் பயந்தது ஒரு வெற்றுக் காகிதத்துக்கு அல்ல. சென்னையில் அச்சான வரி ஒன்று ஆயிரக்கணக்கான மைல் தாண்டிக் கிராமத்துக்குள் போகும், போய்ச் சேர்ந்தால் வேலை செய்யும் என்று அவர் நம்பினார். சென்னை ஆர்மேனியர்களின் அரசியலை வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள், அவர்களுடைய எதிரி எவ்வளவு கவலைப்பட்டார் என்பதையாவது பார்க்கட்டும்.

அடுத்து வந்தது இன்னும் பெரிய நூல். தமிழில் ‘புகழின் கண்ணி’ என்று சொல்லலாம். ஷாஹமீரியன், அவர் மகன் ஹாகோப் ஆகியோரின் பெயரில் வந்த நூல். விடுதலை பெறப்போகும் ஆர்மேனியாவுக்கு 521 விதிகள் கொண்ட ஓர் அரசியல் சட்டம் அதில் இருக்கிறது. அரசர் இல்லாத நாடு. மக்கள் தேர்ந்தெடுக்கும் அவை. ஆள்பவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். படை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் விதிகள் உண்டு. ஒருபிடி நிலம்கூடக் கையில் இல்லாதவர்கள், சென்னையின் கறுப்பர் நகரத்துத் தெருவில் உட்கார்ந்து, ஒரு குடியரசின் படைக்கு விதி எழுதினார்கள்.

இங்கே எதிர்த் திசையிலிருந்து வரும் ஒரு மிகையையும் மறுக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு முன்பே சென்னையில் அச்சான அரசியல் சட்டம் என்று பெருமையாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நூலின் முகப்பில் 1773 என்ற ஆண்டு இருப்பது உண்மை. ஆனால் அது முழுமையாக அச்சேறியது 1780களின் கடைசியில்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. முதல் யார் என்ற பந்தயம் இந்த நூலுக்குத் தேவையில்லை. அதன் அருமை ஆண்டுக்கணக்கில் இல்லை. நாடிழந்தவர்கள் பழைய அரசபரம்பரையை மீட்டுத் தரச்சொல்லிக் கெஞ்சாமல், சட்டத்தின் ஆட்சியைக் கேட்டார்கள் என்பதில் இருக்கிறது.

ஹாகோப் அந்த நாட்டைப் பார்க்கவில்லை, நூல் முழுதாக வெளிவந்ததையும் பார்த்திருக்க முடியாது. 1774 ஜூலை 7 அன்று மலாக்காவில் இறந்தார். வயது இருபத்தொன்பது. அவருடைய கல்லறைக் கல் மலாக்காவின் கிறிஸ்து ஆலயத்தில் இன்னும் இருக்கிறது. வழக்கமாகக் கல்லறைகள் ஜெபம் கேட்கும். அந்தக் கல் வேறொன்று கேட்கிறது: என் ஜனங்களுக்கு விடுதலை கிடைத்ததா, அவர்களை நல்வழியில் ஆள ஒரு தலைவர் எழுந்தாரா, சொல்லிவிட்டுப் போ என்று வழிப்போக்கனிடம் செய்தி கேட்கிறது. சரக்கும் லாபமுமே வாழ்க்கை என்று இருந்த குடும்பம் தன் பிள்ளையின் கல்லறையில் இதைச் செதுக்கி வைக்காது.

எமினுக்கு வருவோம். சென்னை அவருக்கு என்ன செய்தது? நேர்மையாகச் சொன்னால், போதுமான அளவு செய்யவில்லை. உதவ முன்வந்தவர்கள் இருந்தார்கள். திருச்சபையின் எதிர்ப்பு குறுக்கே வந்தது. அவர் எதிர்பார்த்த பணம் படையாக மாறவில்லை. எமின் புதிய ஜுல்பாவுக்குப் போனார், அங்கே திருமணம் செய்துகொண்டார், கடைசியில் மீண்டும் கல்கத்தா வந்து சேர்ந்தார். சென்னை வட்டத்தைப் புகழ்கிற எவரும் இந்த இடத்தை மூடி மறைக்கக் கூடாது. குடியரசுக்குச் சட்டம் எழுதியவர்கள், அந்தக் குடியரசின் முதல் சிப்பாயைக் கையைப் பிடித்து நிறுத்திக்கொள்ளவில்லை.

தோற்றார் அல்லவா, அப்படியானால் கனவுக்காரர் என்று சொல்வதில் என்ன தவறு? இதுதான் மிஞ்சியிருக்கும் கேள்வி. திப்ளிஸில் நடந்ததைக் கவனித்தால் பதில் கிடைக்கும். இரக்லி தொடக்கத்தில் எமினை வரவேற்கத்தான் செய்தார். படையை ஐரோப்பிய முறையில் பழக்கலாம், ஆர்மேனியர்களை அணிதிரட்டலாம் என்ற பேச்சு நடந்தது. சிமியோனிடமிருந்து எதிர்ப்பு வந்ததும் அரசர் பின்வாங்கினார், எமின் வெளியேற்றப்பட்டார். ஒரு திட்டம் திறமைக் குறைவால் தோற்பது வேறு, அதை நடத்த இடமே மறுக்கப்படுவது வேறு. எமினுக்கு ஒரு களத்தில் படைநடத்தித் தோற்கும் வாய்ப்புகூடக் கொடுக்கப்படவில்லை. அதன் பிறகும் அவர் உடனே கப்பல் ஏறவில்லை. சில ஆண்டுகள் காக்கசஸ் மலைகளிலும் கராபாக்கிலும், கிடைத்ததை உண்டு, கொலைக்குத் தப்பி, ஆதரவு தேடி அலைந்தார்.

அவரை அனுப்பிவிட்ட இரக்லி என்ன ஆனார்? நாடு இருந்தது, அரியணை இருந்தது, படை இருந்தது. பாதுகாப்புக்காக 1783இல் ரஷ்யாவோடு ஜார்ஜியெவ்ஸ்க் உடன்படிக்கையும் செய்துகொண்டார். 1795இல் பாரசீகத்தின் ஆகா முகமது கான் படையெடுத்து வந்து திப்ளிஸைக் கொளுத்தியபோது, வாக்குக் கொடுத்த ரஷ்யா நேரத்துக்கு வரவில்லை. மூன்று பேரரசுகளுக்கு நடுவில் அகப்பட்ட அந்த நிலத்தில், முடிசூடிய அரசரே தன் தலைநகரைக் காப்பாற்ற முடியவில்லை. அப்படி இருக்க, கையில் ஓர் அறிமுகக் கடிதத்தோடு போன தனி மனிதர் வெல்லவில்லை என்பதைக் காட்டி அவரைக் கனவுக்காரர் என்பது எந்த வகை நியாயம்? உள்ளூர்ப் படையை நவீன முறையில் பழக்க வேண்டும், அயல்நாட்டு வாக்குறுதியை நம்பி இருக்கக்கூடாது என்று நினைத்தவர் யாரென்று பார்த்தால், அந்தக் கூட்டத்தில் கண் திறந்திருந்தவர் எமின்தான்.

எமின் தன்னைப் பற்றித் தானே எழுதிய புத்தகம்தானே ஆதாரம், சுயபுராணத்தை எப்படி நம்புவது என்று கேட்பவர்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அவருடைய வாழ்க்கை வரலாறு 1792இல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அச்சுக்கு முன் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த சர் வில்லியம் ஜோன்ஸ் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துத் திருத்தங்கள் சொன்னார். அதில் தற்பெருமை உண்டு, கோபம் உண்டு, தேதிகள் தடுமாறும் இடங்களும் உண்டு. ஆனால் எமின் அந்தப் புத்தகத்துக்குள் மட்டும் வாழ்ந்தவர் அல்லர். லண்டன் இலக்கிய வட்டத்தின் எலிசபெத் மான்டேகுவோடு அவர் நடத்திய கடிதப் போக்குவரத்து இருக்கிறது. பர்க் அவருடைய நண்பராகவே இருந்தார். சென்னைக்கு வந்த எத்தனையோ ஆங்கிலத் தளபதிகளின் சுயபுராணங்களை வரிக்கு வரி நம்பி வரலாறு எழுதியிருக்கிறோம். செங்கல் சுமந்ததை வெட்கப்படாமல் எழுதிவைத்த ஓர் அகதியின் சொல்லுக்கு மட்டும் சாட்சி மேல் சாட்சி கேட்பது சரியில்லை.

கடைசிக் காலத்தை எமின் கல்கத்தாவிலேயே கழித்தார். 1809 ஆகஸ்ட் 2 அன்று அங்கே காலமானார். சென்னையில் ஷாஹமீரியன் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1797இல் மறைந்திருந்தார். அச்சுத் தொழில் நின்றுவிடவில்லை. ஷிராஸிலிருந்து வந்த ஹாருத்யூன் ஷ்மவோனியன் என்ற பாதிரியார், இரண்டு பிள்ளைகளை ஒரே வாரத்தில் பறிகொடுத்த துயரத்தோடு சென்னைக்கு வந்தவர், 1794 அக்டோபர் 16 அன்று ‘அஸ்தரார்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். உலகில் எங்குமே ஆர்மேனிய மொழியில் வந்த முதல் இதழ் அதுதான். பதினெட்டு இதழ்கள் வந்தன. அவர் 1824இல் இறந்தார். அரண்மனைக்காரன் தெரு தேவாலயத்தில் அடக்கமானார். அந்தத் தேவாலயத்தின் முற்றத்தில் நடக்கும்போது காலடியில் வரிசையாகக் கல்லறைப் பலகைகள். அவற்றின் எழுத்தை இன்று சென்னையில் வாசிக்கத் தெரிந்தவர்கள் அரிது. வாசிக்கத் தெரியாததால் அங்கே எழுத ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது.

1918இல் எமின் வழிவந்த ஏமி ஆப்கார் அவருடைய வாழ்க்கை வரலாற்றைக் கல்கத்தாவில் இரண்டாம் முறையாகப் பதிப்பித்தார். அதே 1918ஆம் ஆண்டு மே 28 அன்று ஆர்மேனியா தன்னைச் சுதந்திரக் குடியரசாக அறிவித்துக்கொண்டது. அந்த அறிவிப்பு வெளியான நகரம் திப்ளிஸ். ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன் எமினை வெளியே அனுப்பிய நகரம்.

வரும் ஆகஸ்ட்டில் மறுபடி கட்டுரைகள் எழுதப்படும், நடைபயணங்கள் நடக்கும், அரண்மனைக்காரன் தெருவில் வழிகாட்டிகள் நின்று பாலத்தையும் படியையும் தேவாலய மணியையும் பற்றிப் பேசுவார்கள். பேசட்டும். அதே மூச்சில் அந்த 521 விதிகளையும், மலாக்காவில் செய்தி கேட்டு நிற்கும் கல்லையும், சென்னைக்குப் படை கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பிய ஜோசப் எமினையும் சொல்லுங்கள். வேலூர், திருவண்ணாமலை மாவட்டப் பள்ளிகளில் ஆரணிச் சண்டையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், அதே 1751இல் கல்கத்தாவில் கப்பல் ஏறியவரைப் பற்றியும் பிள்ளைகளிடம் பத்து நிமிடம் பேசுங்கள். பட்டாளத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது சட்டென்று புரியும்.